பதினாலு நாள் இலவசம்

எங்கள் தொழிலில் மனிதர்களை வெப்பநிலை பார்த்துத்தான் பிரிப்போம். தானாகத் தேடிவந்து விலை கேட்பவர் ஹாட் லீட். எப்போதோ எதையோ படித்துவிட்டு மெயில் ஐடி கொடுத்துவிட்டுப் போனவர் வார்ம் லீட். நம்மைக் கேள்விப்பட்டதே இல்லை, நம்மிடம் எதையும் கேட்டதும் இல்லை, ஆனால் அவருடைய பெயரும் பதவியும் போன் நம்பரும் எக்ஸெல் ஷீட்டில் ஒரு வரியாக நம் கையில் இருக்கிறது என்றால் அவர் கோல்ட் லீட். குளிர்ந்தவர். பிணத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது மாதிரி.

இந்தக் குளிர்ந்தவரைச் சூடேற்றி, ‘14 நாள் இலவசம், கார்டு நம்பர் தேவையில்லை’ என்ற பக்கத்துக்குக் கூட்டிவந்து, ஒரு மெயில் ஐடியைப் போட வைத்துவிட்டால் அவர் ட்ரையல் யூஸர். அத்தோடு எங்கள் வேலை முடிந்தது. அவர் அந்த மென்பொருளைத் திறந்தாரா, அவருக்கு அது எதற்காவது உதவியதா என்பதெல்லாம் வேறு டீமின் தலைவலி. எங்களுக்கு ஒரு சைன் அப், ஒரு டிக்.

நான் சொல்ல வருவது இதுதான். ட்ரையலை நாள்கணக்கில் அளப்பதையும், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று எண்ணுவதையும் நிறுத்தாதவரை, இந்தத் தொழில் வாங்குபவரையும் ஏமாற்றும், விற்கும் பிள்ளைகளையும் ஏமாற்றும், கடைசியில் தன்னையும் ஏமாற்றிக்கொள்ளும். ‘இலக்கிய வாசகனுக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்று உதடு பிதுக்குகிறவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது பின்னால் வரும்.

*

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. ஏரி, கோட்டை, மாமல்லபுரம், வேடந்தாங்கல் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த மாவட்டம்தான். ஆனால் இன்றைக்கு அதன் இரண்டு ஓரங்களிலும் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலை, அதாவது ஓ.எம்.ஆர்., சிறுசேரி சிப்காட் தாண்டித் திருப்போரூர் பக்கம் போகிறது. மேற்கே ஜி.எஸ்.டி. சாலை. அதில் கூடுவாஞ்சேரியை ஒட்டி ஸோஹோவின் தலைமையகம், இன்னும் தெற்கே பரனூரில் மகிந்திரா சிட்டி. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனிதான் 2009இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2010இல் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கி, பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. 2011இல் வந்த சார்ஜ்பீ, மற்ற கம்பெனிகள் சந்தா வசூலிப்பதற்கான மென்பொருளையே சந்தாவுக்கு விற்றது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் சென்னையை இந்தியாவின் ஸாஸ் தலைநகரம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஸாஸ் என்றால் பயந்துவிட வேண்டாம். மென்பொருளை விற்காமல் வாடகைக்கு விடுவது. நம்ம பாஷையில் சந்தா. மாதாமாதம் கட்டினால் ஓடும், கட்டாவிட்டால் நின்றுவிடும். சிறுபத்திரிகை நடத்திய ஊருக்குச் சந்தாவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சந்தாதாரர் என்பவர் ஒருமுறை வாங்கிவிட்டுப் போகிறவர் இல்லை. ஒவ்வொரு முறையும் ‘இது எனக்கு வேணும்’ என்று முடிவெடுக்கிறவர்.

இந்தத் தொழிலில் குறியெழுதுகிறவர்கள், அதாவது மென்பொருள் எழுதுகிறவர்களைப் பற்றித்தான் எல்லோருக்கும் தெரியும். பங்குகளால் கோடீஸ்வரர் ஆனவர்களைப் பற்றிச் செய்தி வரும். போன் போடுகிறவர்களைப் பற்றி வராது. மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து டிகிரி முடித்து வருகிற பையன்களும் பெண்களும். சாயங்காலம் ஆறரைக்கு ஷிப்ட் ஆரம்பிக்கும், அப்போதுதான் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பொழுது விடியும். சண்முகம் அங்கே சாம். கார்த்திகா அங்கே கேட். ஒரு நாளைக்கு இத்தனை கால், இத்தனை மெயில், வாரத்துக்கு இத்தனை ட்ரையல் என்று சுவரில் திரை ஓடிக்கொண்டிருக்கும். யார் முதலிடம், யார் கடைசி என்று பெயரோடு காட்டும். ஒரு ட்ரையல் விழுந்தால் மணி அடிப்பார்கள். நானும் எட்டு வருடமாக அந்த மணிச் சத்தத்துக்குள்தான் இருக்கிறேன்.

*

இந்த வேலையின் பிறந்தநாள் நமக்குத் தெளிவாகவே தெரியும். 1978 மே 3. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினிக் கம்பெனியின் விற்பனைக்காரர் கேரி துவெர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். எங்கள் புதிய கணினியைக் கலிஃபோர்னியாவில் காட்டப்போகிறோம், வந்து பாருங்கள் என்று. யாரும் கேட்கவில்லை. உலகின் முதல் ஸ்பாம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கவனியுங்கள், அந்த முதல் கடிதம் எதையும் வாங்கச் சொல்லவில்லை. ‘டெமோ பார்க்க வாருங்கள்’ என்றுதான் சொன்னது. கேட்காதவரைச் சோதனைக்கு அழைக்கும் கடிதம். வந்தது திட்டு, நல்ல திட்டு. ஆனால் அதனால் பெரிய வியாபாரம் நடந்தது என்று துவெர்க் பிற்காலத்தில் பெருமையாகச் சொன்னார். ஆக, தொழிலின் முழு ஜாதகமும் முதல் நாளிலேயே எழுதியாகிவிட்டது. நானூறு பேரை எரிச்சல் படுத்து, நாலு பேர் வாங்குவார்கள், அந்த நாலு பேரை மட்டும் கணக்கில் எழுது.

அடுத்த கட்டம் ஏ.ஓ.எல். 1990களில் அமெரிக்காவில் வீடு வீடாக வட்டுகளை அனுப்பினார்கள். இத்தனை மணி நேரம் இணையம் இலவசம், போட்டுப் பாருங்கள் என்று. உள்ளே போவது சுலபம். வெளியே வருவதுதான் கஷ்டம். நிறுத்தச் சொல்லிப் போன் செய்தவர்களை ஏ.ஓ.எல். ஊழியர்கள் விடாமல் பேசிப் பிடித்துவைப்பதாகப் புகார் எழுந்து, 2005இல் நியூயார்க் மாநில அரசுத் தரப்பு வழக்கறிஞரோடு 12.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்த வருடமே ஒருவர், தன் கணக்கை நிறுத்தச் சொல்லி மன்றாடிய உரையாடலைப் பதிவு செய்து வெளியிட, அமெரிக்காவே கேட்டுச் சிரித்தது.

சிரித்துவிட்டு என்ன செய்தார்கள்? அதையே இன்னும் நேர்த்தியாகச் செய்தார்கள். அமேசான் மீது அமெரிக்காவின் ஃபெடரல் வணிக ஆணையம் 2023இல் தொடுத்த வழக்கில் ஒரு தகவல் வந்தது. பிரைம் சந்தாவை நிறுத்துவதற்கான நீண்ட வழிமுறைக்குக் கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் ‘இலியட்’. ஆமாம், ஹோமரின் இலியட். பத்து வருட முற்றுகைப் போரைப் பற்றிய காவியம். இலக்கியம் படித்த எவரோ ஒருவர் அங்கே உட்கார்ந்து இந்தப் பெயரை வைத்திருக்கிறார். 2025 செப்டம்பரில் அந்த வழக்கு 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

நம்மூரிலும் அரசாங்கம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. அன்றைக்கு ஸாஸ் உலகத்தில் எழுந்த ஒப்பாரியைக் கேட்டிருக்க வேண்டும். நானும் சில கூட்டங்களில் கேட்டேன். ‘முன்னாடியே சொல்லிட்டா பாதிப் பேர் நிறுத்திடுவானே!’ என்றார் ஒருவர். யோசித்துப் பாருங்கள். உங்கள் பணம் நாளை எடுக்கப்படும் என்று சொன்னாலே ஓடிவிடுகிற ஆள், உங்கள் சந்தாதாரரா? அவர் மறந்துபோனவர். மறதியை வருமானம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. அதில் ‘சந்தாப் பொறி’ என்று ஒன்று தனியாகவே இருக்கிறது.

*

இதெல்லாம் வெளியேறும் வாசலின் கதை. என் சண்டை நுழையும் வாசலோடு.

ஒரு பேச்சுக்கு ஆயிரம் பேருக்கு மெயில் போகிறது என்று வையுங்கள். இருபது பேர் பதில் போடுகிறார்கள். அதில் பாதி ‘என்னை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துத் தொலையுங்கள்’. மீதிப் பத்தில் ஐந்து பேர் ட்ரையலுக்கு வருகிறார்கள். அதில் ஒருவர் காசு கட்டுகிறார். மேலாளர் என்ன சொல்வார்? ஏன் 999 பேருக்கு இது வேண்டாததாக இருந்தது என்று கேட்க மாட்டார். ‘ஆயிரத்துக்கு ஒண்ணுன்னா, பத்தாயிரம் அனுப்பு, பத்து வரும்’ என்பார். வாய்ப்பாடு தெரிந்தால் போதும், மனிதர்களைத் தெரிய வேண்டியதில்லை.

பத்தாயிரம் அனுப்பினால் மெயில் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் கெடுபிடி செய்தது. ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பாம் என்று புகார் செய்கிறவர்களின் அளவு 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர் முகம் சுளித்தாலே சிக்கல். இதற்கு எங்கள் தொழில் கண்டுபிடித்த பதில், அனுப்புவதைக் குறைப்பது இல்லை. கம்பெனிப் பெயரை ஒட்டிய மாதிரியே பத்து இருபது புதுப் பெயர்களில் இணைய முகவரிகள் வாங்கி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது. புது முகவரி என்றால் சந்தேகம் வருமே? அதற்கும் ஒரு கருவி, அதற்கும் ஒரு மாதச் சந்தா. அந்தக் கருவி என்ன செய்யும் தெரியுமா? உங்கள் மெயில் பெட்டியிலிருந்து வேறொரு கம்பெனியின் மெயில் பெட்டிக்குத் தானே கடிதம் எழுதும். அங்கிருந்து தானே பதில் வரும். ‘நன்றி, நாளை பேசலாம்’ என்று. ராத்திரியெல்லாம் இயந்திரங்கள் இயந்திரங்களுக்குக் கடிதம் எழுதி, இது நிஜ மனிதர்கள் புழங்கும் பெட்டிதான் என்று கூகுளை நம்பவைக்கும். இதற்குப் பெயர் ‘வார்ம் அப்’. குளிர்ந்த மனிதனைச் சூடாக்கப் போகிற பெட்டியை முதலில் சூடாக்குவது.

காஃப்காவைப் படித்துவிட்டு அபத்தம், அபத்தம் என்கிறோமே, அது சோழிங்கநல்லூரில் ஏழாவது மாடியில் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த முறையில் சட்டங்களுக்கும் ஒரு புவியியல் உண்டு. ஜெர்மனியில் முன் அனுமதி இல்லாமல் விளம்பர மெயில் அனுப்ப முடியாது, வழக்கு வரும். எனவே ஜெர்மனி பட்டியலில் இருக்காது. அமெரிக்காவின் 2003 சட்டம், விலகும் வழியைக் காட்டினால் போதும், கேட்காமலும் அனுப்பலாம் என்கிறது. எனவே அமெரிக்கா பட்டியலின் தலையில் இருக்கும். இந்தியாவில் போனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று 1909இல் பதிந்துகொள்ளலாம், டிராய் 2018இல் விதிகளையும் இறுக்கியது. இருந்தாலும் உங்கள் போனுக்குத் தினமும் எத்தனை கால் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆக, யாரை அழைப்பது என்பதை அவருடைய தேவை தீர்மானிப்பதில்லை. அவருக்கு எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

*

‘அப்படியானால் இந்தக் கம்பெனிகள் எப்படி வளர்ந்தன?’ என்று கேட்பீர்கள். அங்கேதான் எங்கள் தொழில் தன் சொந்த வரலாற்றையே மறந்துவிட்டது.

ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்த கதையை அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2010இல் ஸென்டெஸ்க் என்ற கம்பெனி தன் வாடிக்கையாளர் சேவை மென்பொருளின் விலையைத் திடீரென்று ஏற்றியது. பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கொதிப்புக்கு நடுவே, இதற்கு மாற்றாக ஒன்று வந்தால் நல்ல வாய்ப்பு என்ற பொருளில் யாரோ எழுதிய ஒரு குறிப்பு அவர் கண்ணில் பட்டது. வேலையை விட்டார், சென்னையின் புறநகரில் ஒரு சின்ன இடத்தில் ஆரம்பித்தார். 2011இல் வந்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஆட்வெல் காலேஜ்.

இந்தக் கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது ஒன்றுதான். அந்த முதல் வாடிக்கையாளர்கள் குளிர்ந்தவர்களாக இல்லை. அவர்களுக்கு ஏற்கெனவே எங்கோ வலித்துக்கொண்டிருந்தது. வலி எங்கே என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மென்பொருளே எழுதப்பட்டது. அதே வழியில் வளர்ந்த கம்பெனிகள், பெரிதானதும் வலியை விட்டுவிட்டுப் பட்டியலைப் பிடித்துக்கொண்டன. பட்டியல் எவ்வளவு பெரிய சொத்தாகிவிட்டது என்பதற்கு நம்மூரிலேயே சாட்சி இருக்கிறது. 2020இல் ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் மீது கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தன்னுடைய ரகசியத் தகவல்கள், வாடிக்கையாளர் ஆகக்கூடியவர்கள் பற்றிய விவரங்கள் உட்பட, எடுத்துப் பயன்படுத்தப்பட்டன என்பது புகார். ஃப்ரெஷ்வொர்க்ஸ் மறுத்தது. 2021இல் சமரசம் ஆனது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் விஷயம் இல்லை. சென்னை மண்ணில் வளர்ந்த இரண்டு பெரிய கம்பெனிகள் கடல் தாண்டிப் போய் வழக்காடிய விஷயங்களில் ஒன்று, இன்னும் எதையும் வாங்காதவர்களின் விவரம். அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

*

இனி மாமல்லபுரத்துக்கு வாருங்கள். ஒத்தவாடைத் தெரு தெரியும்தானே. கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, மீனவர் குப்பத்தை ஒட்டிய தெரு. வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் சின்னச் சின்ன விடுதிகள், துணிக்கடைகள், கல் சிற்பக் கடைகள். அங்கே ஐந்து அறை வைத்து நடத்தும் ஒரு அக்காவிடம், விடுதிகளுக்கான புக்கிங் மென்பொருளை விற்கப் போனேன். அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியின் பட்டியலில் அவர் ஒரு கோல்ட் லீட்.

“தம்பி, இந்த மாசத்துல உன்னோட சேத்து நாலு பேரு ஆயிட்டீங்க” என்றார். “ஒருத்தன் ஃப்ரீன்னு சொன்னான். போன்ல வந்த நம்பரைச் சொல்லுங்க மேடம்னான், சொன்னேன். அதுக்கப்புறம் அவன் பேசவே இல்ல. மெஷின்தான் மெசேஜ் அனுப்புது, இன்னும் ஏழு நாள் இருக்கு, இன்னும் மூணு நாள் இருக்குன்னு. என்னமோ சாவு தேதி சொல்ற மாதிரி.”

ஏதோ ஓர் அலுவலகத்தில் அன்றைக்கு மணி அடித்திருப்பார்கள். அந்த அக்கா அங்கே வெற்றிகரமான ட்ரையல் யூஸர்.

நான் மென்பொருளைப் பற்றிப் பேசவில்லை. போன சனிக்கிழமை எப்படிப் போச்சு என்று கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டார். இரண்டு புக்கிங் தளங்களில் அறைகளைப் போட்டிருக்கிறார். ஒன்றில் விற்றுப்போனதை இன்னொன்றில் போய்க் கையால் மூட வேண்டும். சனிக்கிழமை சமையல், துணி, சாவி என்று ஓடுகிற ஓட்டத்தில் மறந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்குச் சென்னையிலிருந்து குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்து நிற்கும். அறை இருக்காது. போன வாரம் தன் வீட்டையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டில் போய்ப் படுத்திருக்கிறார். “சனிக்கிழமைன்னாலே வயித்தக் கலக்குது தம்பி.”

இதுதான் சேல்ஸ். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும்வரை காத்திருப்பதுதான் அந்தத் தொழிலின் முழுத் திறமையும். ஐந்து அறையையும் ஏற்றவில்லை. இரண்டே அறைகளை நானே உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தேன். 14 நாள் கணக்கெல்லாம் வேண்டாம், ரெண்டு சனிக்கிழமை பாருங்க, வயிறு கலக்குனா தூக்கிப் போட்டுடுங்க என்றேன். இரண்டாவது சனிக்கிழமைக்கு அடுத்த நாள் அவரே கூப்பிட்டார். மீதி மூன்று அறைகளையும் ஏற்றச் சொன்னார். பொங்கல் விடுமுறை முழுக்க ஓட்டினார். வெயில் ஏறி வெளிநாட்டுக்காரர்கள் வரத்துக் குறைந்ததும் சந்தாவை நிறுத்தினார். டிசம்பரில் திரும்ப வந்தார்.

அலுவலகத்தில் இதற்கு என்ன மரியாதை கிடைத்தது? “ஒரு அஞ்சு ரூம் லாட்ஜுக்கு மூணு வாரமா? அந்த நேரத்துல முந்நூறு கால் போட்டிருக்கலாமே” என்றார்கள். அவர் கோடையில் நிறுத்தியபோது திரையில் சிவப்பாக ஓர் எண் வந்தது, வாடிக்கையாளர் இழப்பு என்று. கடற்கரை ஊருக்குப் பருவம் என்று ஒன்று இருப்பது அந்தத் திரைக்குத் தெரியாது. அதே வாரம், ஓடிபி வாங்கிக்கொண்டு ஓடிப்போன ஆளைப் போல நாற்பது பேரைச் சைன் அப் செய்ய வைத்த ஒருவருக்குப் பரிசு கொடுத்தார்கள். அந்த நாற்பதில் ஒருவர்கூட இரண்டாம் முறை உள்ளே வரவில்லை.

ட்ரையல் என்ற சொல்லுக்கு நாங்கள் தந்திருக்கும் பொருளே தப்பு. 14 நாள் என்பது விற்பவரின் காலண்டர். வாங்குபவருக்கு அந்த 14 நாளில் சிக்கலே வராமல் போகலாம். அவருக்குத் தேவை அவருடைய சிக்கல் ஒருமுறை வந்து, ஒருமுறை தீர்வதைப் பார்ப்பது. விடுதிக்காரருக்கு ஒரு சனிக்கிழமை. கணக்கு எழுதுபவருக்கு ஒரு ஜி.எஸ்.டி. தாக்கல் நாள். டியூஷன் சென்டருக்கு ஒரு மாதத்தின் ஃபீஸ் வசூல். அந்த ஊரிலேயே சிற்பக் கடைகளைப் பாருங்கள். உளிச் சத்தம் கேட்கும் வாசலில் நீங்கள் எவ்வளவு நேரமும் நிற்கலாம், கல்லைத் தொட்டுப் பார்க்கலாம், பாதியில் நிற்கும் சிலையைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். யாரும் உங்கள் நம்பரைக் கேட்பதில்லை. அதே ஊரில், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கையைப் பிடித்து இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள், நான் மறைக்கவில்லை. இரண்டும் விற்பனைதான். எதற்குத் திரும்பப் போவீர்கள்?

*

இரண்டு ஆட்சேபங்கள் வரும்.

ஒன்று, எங்கள் ஆட்களிடமிருந்து. ‘எல்லாருக்கும் மூணு வாரம் உக்காந்தா சம்பளம் எப்படிக் குடுக்கறது? இந்த வேலை எத்தனை பிள்ளைங்களுக்குச் சோறு போடுது தெரியுமா?’ தெரியும். அவர்களில் ஒருவன் நான். ஆனால் அந்தச் சோற்றுக்கு அவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாளில் எழுபது முறை ‘வேண்டாம்’ கேட்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, இரண்டு வருடம் கழித்து என்ன தெரிந்திருக்கும்? எழுதிக் கொடுத்த வசனத்தைப் படிக்கத் தெரியும். அந்த வசனத்தை இப்போது இயந்திரம் அவளைவிட வேகமாகப் படிக்கிறது, கடிதத்தின் முதல் வரியில் எதிராளியின் ஊரையும் கல்லூரியையும் சேர்த்து உருகவும் உருகுகிறது. வெறும் எண்ணிக்கைதான் வேலை என்றால் அந்த வேலை போகப்போகிறது, போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு பல் மருத்துவரின் கிளினிக் எப்படி ஓடுகிறது, ஒரு லாரி ஷெட்டில் பணம் எங்கே முடங்குகிறது என்று இரண்டு வருடம் படித்தவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள். ஆயிரம் பேரை அழைப்பதற்குப் பதில் ஐம்பது பேரைப் படிக்கச் சொல்வதுதான் அவளுக்குச் செய்யும் நியாயம். எல்லோருக்கும் மூன்று வாரம் முடியாது என்பது சரி. அப்போது எல்லோரையும் அழைக்காதீர்கள்.

இன்னொன்று, உங்களிடமிருந்து. இலக்கிய நண்பர்களிடம் என் வேலையைச் சொன்னால் ஒரு புன்னகை வரும். ‘மார்க்கெட்டிங்கா?’ விற்பது என்றாலே பொய் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். சரி, சி.சு. செல்லப்பாவை என்ன செய்வீர்கள்? 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய மனிதர், தன் பதிப்பகத்தின் புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அவரைக் கேள்விப்பட்டிராத ஆசிரியர்கள், கேட்டிராத மாணவர்கள். எங்கள் பாஷையில் சொன்னால் அத்தனையும் கோல்ட் லீட். தமிழ்ப் புதுக்கவிதை உங்கள் கைக்கு வந்ததில் அந்த மூட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. கேட்காதவரிடம் போய் நிற்பது தப்பே இல்லை. அவர் தன் கையில் இருந்த பொருளை முழுக்கப் படித்திருந்தார், யாரிடம் போய் நிற்கிறோம் என்று தெரிந்து நின்றார், வேண்டாம் என்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். இந்த மூன்றும்தான் வேண்டும். என் தொழிலில் இந்த மூன்றும்தான் இல்லை.

விற்பனையைக் கேவலம் என்று ஒதுக்கியதால் நமக்கு வந்த நஷ்டம் இன்னொன்றும் உண்டு. வயலைப் பற்றியும் ஆலையைப் பற்றியும் எழுதிக் குவித்திருக்கிறோம். ராத்திரி முழுக்க வேறொரு பெயரில், வேறொரு நாட்டு மனிதனிடம், தனக்கே தேவைப்படாத ஒன்றைப் பற்றிப் பேசிவிட்டு, விடிகாலையில் கேப்பில் திருக்கழுக்குன்றம் திரும்புகிற சண்முகம் நம் கதைகளில் எங்கே? அவன் குரலில் அமெரிக்க உச்சரிப்பு ஏறியதை அவன் அம்மா எப்படிக் கேட்கிறாள்? நீங்கள் எழுதாதவரை அவனைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பது சுவரில் ஓடும் அந்தத் திரை மட்டும்தான்.

*

என்ன வேண்டும் என்று கேட்டால், பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். இன்ஷூரன்ஸ் துறையைப் பாருங்கள். ஏஜெண்டுகளின் வாய்ஜாலத்துக்குப் பேர்போன துறை. அங்கேயே பாலிசி கையில் கிடைத்த பிறகு படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க அவகாசம் உண்டு. 15 நாளாக இருந்ததை 2024இல் 30 நாளாக நீட்டினார்கள். சோதிக்கப்படுவது பொருள்தான், மனிதர் இல்லை என்று அங்கே சட்டமே சொல்கிறது. மென்பொருள் விற்கிறவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சைன் அப்புக்கு மணி அடிப்பதை நிறுத்துங்கள். ட்ரையலுக்கு வந்தவர் எந்த வேலைக்காக வந்தாரோ அந்த வேலை ஒருமுறை முடிந்தால் அப்போது அடியுங்கள். விற்பவரின் போனஸை அந்த மணியோடு கட்டுங்கள். அழைக்கும் முன் அந்த மனிதரின் வேலையைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள், எழுத முடியாவிட்டால் அந்த நம்பரைப் பட்டியலிலிருந்து அழியுங்கள். சந்தாவை நிறுத்துவது தொடங்கியதைப் போலவே ஒரே சொடுக்காக இருக்கட்டும். கோடையில் நிறுத்தி டிசம்பரில் திரும்பி வருகிறவரைச் சிவப்பில் எழுதாதீர்கள், அவரைவிட நம்பகமான சந்தாதாரர் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

இதையெல்லாம் செய்தால் பட்டியல் சுருங்கும், முதல் காலாண்டில் எண்கள் படுக்கும், முதலீட்டாளர் போன் போடுவார். போடட்டும். அவரிடமும் கேளுங்கள், போன சனிக்கிழமை எப்படிப் போச்சு என்று.